மஞ்சள் பூசிய தோல்

எம்.ரெட்டியபட்டி,
2-2-1996

அன்பு நாத்தனார் மாரிக்கனிக்கு,

உன் மதினி ஆவுடைத்தாய் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரி எழுத வரவில்லை. ஹைதராபாத்தில் நீ சுகமாக இருக்க வேண்டும், அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

முதலில் நல்ல சேதி. நீ அனுப்பிய போட்டோ வந்தது. இருட்டு அறையில், கம்ப்யூட்டர் முன்னால், மூஞ்சியில் பச்சை வெளிச்சம் விழ உட்கார்ந்திருக்கிறாய். எதிர்வீட்டு மாயக்காள் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இந்தப் புள்ள இருட்டுக்குள்ள ஒத்தையில ஒக்காந்து என்னத்தப் பாக்குது?" என்று கேட்டாள். ஈயின் முட்டைக்குள் குஞ்சு எப்படி உருவாகிறது என்று மெஷினில் பார்க்கிறாளாம் என்றேன். "அதுக்குச் சம்பளம் வேற குடுக்காகளா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காதே. எனக்கும் ரொம்ப நாளாக அதே சந்தேகம்தான். உன் அண்ணன் அடிக்க வருவார் என்று கேட்டதில்லை.

பருத்தி இந்த வருசம் காய் பிடித்திருக்கிறது. புழுவும் பிடித்திருக்கிறது. கண்மாயில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் கிடக்கிறது, மாசி தாண்டாது. பிள்ளைகள் இரண்டு பேரையும் நரிக்குடியில் என் தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் எதற்கு அங்கே விட்டாய் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

மார்கழி முழுக்க உன் அண்ணன் கூலிக்கு மருந்தடிக்கப் போனார். முதுகில் மாட்டுகிற அந்த மருந்து டேங்கு ஒழுகல். சாயங்காலம் வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கும், வீடெல்லாம் மருந்து வாடை அடிக்கும். வேற டேங்கு கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. தை பிறந்ததும் முதுகில் ஒரு கொப்புளம் எழும்பியது. பிறகு தோளில், பிறகு நெஞ்சில். சுடுதண்ணீர் கொட்டினது போல் தண்ணீர் கோத்து நிற்கிறது.

மாயக்காள் பார்த்ததும் செருப்பை வெளியே உதறிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வெளையாட வந்திருக்கா. ஊசி கீசி போட்டு அவளக் கோவப்படுத்திராதீக" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பு நிறுத்தினேன். வந்தவர்களை வா என்றும் சொல்லவில்லை, போனவர்களைப் போய்வா என்றும் சொல்லவில்லை. வேப்பிலையும் விரலி மஞ்சளும் அம்மியில் மை போல அரைத்து உடம்பெல்லாம் பூசினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அம்மை என்றால் தண்ணீர் ஊற்றினதும் இறங்க வேண்டும். மறுபடியும் ஊற்றினோம். இறங்கவில்லை மாரிக்கனி. வாய்க்குள்ளும் புண் வந்துவிட்டது. கம்மங்கூழைக் கரைத்துக் கொடுத்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் விடுகிறார்.

நேற்று ஈரத் துண்டால் தோளைத் துடைத்தேன். கொப்புளமே இல்லாத இடம். நல்ல தோல். அது துண்டோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து வாயை அடக்கிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எதற்கும் இப்படிப் பயந்ததில்லை.

உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். "அவ படிப்ப விட்டுட்டு ஓடியாந்துருவா, எழுதாத" என்று இரண்டு தரம் சொன்னார். அதனால் பதிலை மாயக்காள் வீட்டு விலாசத்துக்குப் போடு. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. அழுகிற வேலையெல்லாம் வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நல்லதை நினைக்கும் மதினி,
ஆவுடைத்தாய்

*

எம்.ரெட்டியபட்டி,
26-2-1996

பிரியமுள்ள மாரிக்கனிக்கு,

நீ சொன்ன மதுரை டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் எழுதியதற்குத் திட்டினார். நீ எழுதியதைப் படித்ததும் திட்டை நிறுத்திவிட்டு எந்தச் சட்டையைப் போடலாம் என்று கேட்டார். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

ஊர்ப் பயணம் என்பதால் அன்று காலையிலேயே குளிப்பாட்டி, புண் வாடை அடிக்காமல் இருக்க வேப்பிலை மஞ்சளை நன்றாகப் பூசிக் காயவிட்டு, அதற்கு மேல் வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். அப்படியும் என்ன? அருப்புக்கோட்டையில் மதுரை பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் கழுத்துக் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். மதுரை வரைக்கும் நின்றார். உன் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியவர் திரும்பவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை உலுக்கியிருப்பேன்.

டாக்டர் நல்ல மனுசர். தோலை விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மருந்து எதுவும் பூசினீர்களா என்று கேட்டார். ஒன்றும் பூசவில்லை சார் என்றோம். பிறகு இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம் என்றார். ஒன்று, பருத்திக்கு அடித்த மருந்து தோலில் ஊறி வந்த கொப்புளம். அது என்றால் களிம்பிலும் சின்ன மாத்திரையிலும் ஆறிவிடும். இன்னொன்றுக்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய சத்தே, தோலை ஒட்டிவைத்திருக்கிற பசையை எதிரி என்று நினைத்துத் தின்றுவிடுமாம். அதை அப்படியே விட்டால் ஆள் பிழைக்க மாட்டாராம். அதற்கு உண்டான மாத்திரையைப் பெரிய அளவில் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டுமாம்.

அப்படியென்றால் இன்றைக்கே கொடுங்கள் என்றேன். அங்கேதான் முடிச்சு விழுந்தது. உன் அண்ணனுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் டி.பி. வந்து ஆறியது உனக்குத் தெரியும். நீ அப்போது சின்னப் பிள்ளை. எக்ஸ்ரேயில் அந்த வடு இன்னும் இருக்கிறது. இந்த மாத்திரை உடம்பின் காவலைக் குறைத்துவிடுமாம். காவல் குறைந்தால் நெஞ்சில் தூங்குகிறது எழுந்துவிடுமாம். "எந்த நோய்னு தெரியாம நான் இதத் தொட மாட்டேம்மா" என்றார். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம்.

அதனால்தான் தோள்பட்டைக்குக் கீழே கொப்புளத்துக்குப் பக்கத்தில் மிளகு அளவு தோல் எடுத்து, நீ கொடுத்துவிட்ட குப்பியில் போட்டு, உன்னோடு படிக்கிற, லீவுக்கு ஊருக்கு வந்திருந்த அந்த மேலூர்ப் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறோம். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன் அக்கா என்று சொன்னது. நல்ல பிள்ளை. உன் அண்ணன் அதனிடம், "பாத்துக் கொண்டு போத்தா, என்னயத்தான கொண்டு போற" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நீ எழுதியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்த நோயை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற சாயம் ஒன்று இருக்கிறது. அதைத் தோலில் ஊற்றி நீல வெளிச்சத்தைப் பாய்ச்சினால், நோய் இருக்கிற இடம் பச்சையாக எரியும். இல்லாவிட்டால் இருட்டாகக் கிடக்கும். அப்படித்தானே? நான் இருக்கிற எல்லாச் சாமியிடமும் இருட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளிச்சம் வரக் கூடாது என்று வேண்டுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சீக்கிரம் பார்த்து எழுது தாயி. இருட்டு என்று எழுது.

உன் மதினி,
ஆவுடைத்தாய்

*

எம்.ரெட்டியபட்டி,
17-3-1996

மாரிக்கனிக்கு,

உன் கடிதம் இரண்டும் அடுத்தடுத்த நாள் வந்தன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீயும் பொறுமையாகக் கேள்.

முதல் கடிதத்தைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் பக்கம் பக்கமாக எழுதி, ஓரத்திலும் எழுதி, ஒட்டுகிற இடத்திலும் எழுதுகிறவள் நீ. இதில் நான்கு வரி. தோல் முழுக்கப் பச்சையாக எரிகிறது, டாக்டருக்கும் போன் செய்துவிட்டேன், உடனே மதுரைக்குப் போங்கள் மதினி என்று எழுதியிருந்தாய். நான் மாயக்காள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணன் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்கவில்லை. "எத்தன பக்கம் எழுதியிருக்கா?" என்று கேட்டார். நாலு பக்கம் என்றேன். காட்டு என்று கையை நீட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸுக்குப் புறப்பட்டு நிற்கும்போது இரண்டாவது கடிதம் வந்தது. மாத்திரை வேண்டாம், பொறுங்கள், அண்ணன் மேல் என்ன பூசினீர்கள், மஞ்சள் பூசினீர்களா என்று போலீஸ்காரி மாதிரிக் கேட்டிருக்கிறாய். ஏ மாரிக்கனி, இது என்ன கேள்வி? நீயும் இந்த வீட்டில் மஞ்சள் தேய்த்துக் குளித்து வளர்ந்தவள்தானே? அடிபட்டால் மஞ்சள், முள் குத்தினால் மஞ்சள், அம்மை என்றால் மஞ்சள். பூசினேன். தினமும் பூசினேன். மதுரைக்குப் போன அன்றும் பூசினேன். டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றால், அவர் மருந்து பூசினீர்களா என்றுதான் கேட்டார். மஞ்சளை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? அது சோற்றில் போடுகிற சாமான். டாக்டரும் அந்த மஞ்சளைக் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்?

கோபத்தில் இவ்வளவையும் மனதுக்குள் உனக்குப் பேசிவிட்டு, பிறகுதான் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். சாயமே ஊற்றாமல் வைத்திருந்த துண்டும் பச்சையாக எரிந்ததாமே. மஞ்சளுக்கு அந்த நீல வெளிச்சத்தில் தானாகவே எரிகிற குணம் உண்டாமே. எனக்கு அதை யார் சொன்னார்கள்? அங்கே இருக்கிற பெரிய படிப்பாளிகளுக்கே முதலில் தோன்றவில்லை, உனக்குத்தான் தோன்றியிருக்கிறது. நீ நம் வீட்டுப் பிள்ளை என்பதால் தோன்றியது.

அப்படியென்றால் அந்தப் பச்சை நோய் இல்லை, என் மஞ்சள்தான் என்று ஓடி வந்து அவரிடம் சொன்னேன். அந்த மனுசர் எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். வாய்ப்புண் வலித்து, பாதியில் நிறுத்தினார்.

ஆனால் நீ சந்தோசப்பட விடவில்லை. சாதாரண மெஷினில் மேல் தோலும் உள் தோலும் ஒன்றாகக் கலந்து ஒரே பச்சைப் புகையாகத்தான் தெரியும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்கிறாய். ஈ முட்டை பார்க்கிற உன் புது மெஷின் அப்படி இல்லை, மடித்து அடுக்கிய சேலையில் ஒவ்வொரு மடிப்பாகப் பார்ப்பது போல, தோலைக் கத்தி படாமல் வெளிச்சத்தாலேயே ஒவ்வொரு அடுக்காகப் பார்க்கும், பிறகு எல்லா அடுக்கையும் கம்ப்யூட்டர் ஒன்றின் மேல் ஒன்று வைத்து முழுசாகக் காட்டும் என்கிறாய். மிச்சமிருந்த துண்டை அதில் வைத்துப் பார்த்தாயாம். மேலே பச்சை நிறைய. கீழே ஆழத்திலும் ஏதோ பச்சை. மேலே இருப்பது மஞ்சள். கீழே இருப்பது மஞ்சள் இறங்கியதா, நோயா என்று தெரியவில்லை. மஞ்சள் தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் உனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு துண்டு எடுக்க உன் அண்ணன் மறுக்கிறார். "நான் என்ன கோழியா, பிச்சுப் பிச்சு எடுக்க?" என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. முதலில் எடுத்த இடமே இன்னும் மூடவில்லை. அது பெரிதாகிக்கொண்டு போகிறது. அவருக்கு மஞ்சள் படாத தோலும் எங்கும் மிச்சமில்லை.

நோயில்லாத தோலில் மஞ்சள் பூசி அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், என் கையிலேயே வெட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வேலை வேண்டாம். நீ கடையில் பாக்கெட்டு மஞ்சள் வாங்குவாய். இது நம் அம்மியில் அரைத்த விரலி மஞ்சள், நம் வாசல் வேப்பிலை, நம் வெயில். நான் பூசிக்கொள்கிறேன். நான் தருகிறேன்.

ஒன்றும் யோசிக்காதே. கொப்புளம் வயிற்றுக்கு இறங்கிவிட்டது. யோசிக்க நேரமில்லை.

ஆவுடைத்தாய்

*

மதுரை,
30-3-1996

அன்பு மாரிக்கனிக்கு,

டாக்டர் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது தோளில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுதுகிற கைக்கு ஒன்றுமில்லை. நீ மறுபடியும் அனுப்பிவைத்த மேலூர்ப் பிள்ளை சாயங்கால ரயிலுக்குக் கிளம்புகிறது. குப்பியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "நோயே இல்லாத தோல எதுக்கும்மா வெட்டணும்?" என்றார். நீ அவருக்கென்று இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார். உங்களுக்கு அந்தப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டார். என் வீட்டுக்காரருடைய தங்கச்சி என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் கையைக் கழுவப் போனார். உன் அண்ணனுக்கு எடுத்த அதே இடத்தில், அதே அளவு எடுத்திருக்கிறார். வலி ஒன்றும் பெரிதில்லை.

இது உன் அண்ணனுக்குத் தெரியாது. கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். மாயக்காள் அவரோடு இருக்கிறாள். தோள் கட்டைப் பார்த்துக் கேட்டால் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

இப்போது நீ கவனமாகப் படிக்க வேண்டியது இது. நீ சொன்னபடி, அவருக்குப் பூசிய மாதிரியே தினமும் எனக்கும் பூசினேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பூசும்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. என் தோலிலும் அடி ஆழம் வரைக்கும் பச்சையாக எரிந்துவிட்டால், அவர் தோலில் எரிகிறதும் மஞ்சள்தான் என்று ஆகிவிடும். அவருக்கு நோய் இல்லை என்று ஆகிவிடும். அப்படியென்றால் நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று அழுத்தித் தேய்த்தேன். பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்தேன். தோல் சிவந்து எரிகிற மட்டும் தேய்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு அது தப்பாகவே படவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் கூழ் கரைத்துக்கொண்டிருக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. என்ன காரியம் செய்தேன்? அந்த மெஷின் என்னை நம்பித்தான் பார்க்கப் போகிறது. நான் ஏமாற்றினால் அது உன்னை ஏமாற்றும், நீ டாக்டரை ஏமாற்றுவாய், மாத்திரை கொடுக்காமல் விட்டு உன் அண்ணன் செத்துப்போவார். அந்தத் தோளை அப்படியே விட்டுவிட்டேன். மற்றத் தோளில் முதலிலிருந்து தொடங்கினேன். புண்பட்ட உடம்பில் பூசுகிற கை எப்படிப் பட்டும் படாமலும் போகுமோ அப்படியே பூசினேன். அதனால்தான் இவ்வளவு நாள் தாமதம். எடுத்தது இடது தோள். வலது தோளைத்தான் கெடுத்து வைத்திருந்தேன்.

ஆகையால் இந்தக் குப்பியில் இருப்பது பொய் இல்லாத தோல். அதை நீ நம்பிப் பார்க்கலாம்.

என் தோல் ஆழத்திலும் எரிய வேண்டும் என்று நான் இன்னமும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனால் எரிந்தால் எரிந்தது என்று எழுது, எரியாவிட்டால் எரியவில்லை என்று எழுது. எனக்காக ஒரு சொல்லைக் கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே. எதுவானாலும் முதலில் எனக்கு எழுது, அவருக்கு வேண்டாம். நான் கொஞ்சம் தாங்கிக்கொண்டு பிறகு அவரிடம் சொல்கிறேன்.

அந்த இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று மேலூர்ப் பிள்ளை சொல்கிறது. இதை மட்டும் நீ ஏன் எனக்கு எழுதவே இல்லை? ஒரு ஆளுக்குப் பயப்படுவது போதாதா எனக்கு?

உன்னையே நம்பியிருக்கும் மதினி,
ஆவுடைத்தாய்

*

எம்.ரெட்டியபட்டி,
5-5-1996

என் அன்பு மாரிக்கனிக்கு,

எலெக்சன் முடிந்து ஊர் அடங்கிவிட்டது. வேன்களும் மைக்செட்டும் போன பிறகு காதில் இன்னும் இரைச்சல் கேட்கிறது. கண்மாய் முழுசாக வற்றி வெடித்துக் கிடக்கிறது. பிள்ளைகள் நரிக்குடியிலிருந்து வந்துவிட்டார்கள். சின்னவள் அப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா மூஞ்சி பூரி மாதிரி இருக்கு" என்கிறாள். அந்தப் பெரிய மாத்திரையைத் தொடங்கும்போதே முகம் அப்படி உப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர்க்காரர்கள் உன் அண்ணனைப் பார்த்து, சங்கையா சதை போட்டுவிட்டான் என்று சொல்லிச் சந்தோசப்படுகிறார்கள்.

நீ அனுப்பிய இரண்டு போட்டோவையும் இப்போதும் எடுத்துப் பார்த்தேன். கடிதத்தில் நீ எவ்வளவு எழுதியிருந்தாலும், எனக்கு அந்தப் போட்டோவே போதுமாக இருந்தது. என் தோலில் மேலே ஒரு பச்சைக் கோடு. அதோடு சரி. கீழே எத்தனை அடுக்கு போனாலும் இருட்டு. மஞ்சள் புழுதி மாதிரி மேலேயே நின்றுவிட்டது, உள்ளே இறங்கவே இல்லை. உன் அண்ணன் தோலில் மேலேயும் பச்சை, கீழேயும் பச்சை. கீழே இருந்தது மஞ்சள் இல்லை. நான் எதை இல்லை என்று நிரூபிக்கத் தோலைக் கொடுத்தேனோ, அது இருக்கிறது என்று என் தோலே சொல்லிவிட்டது.

அவரிடமிருந்து போட்டோவை மறைக்க முடியவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம கம்மா வெடிச்சுக் கெடக்குற மாதிரியில்ல இருக்கு" என்றார். உண்மைதான். வெடிப்பு வெடிப்பாக, கட்டம் கட்டமாக, ஒவ்வொரு வெடிப்பிலும் பச்சை வெளிச்சம். பிறகு மற்றொன்றை எடுத்து, "இது யாரு தோலு?" என்று கேட்டார். நான் அடுப்புப் பக்கம் போனேன். போட்டோவின் பின்னால் நீ மதினி என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டார். நான் வந்து உட்கார்ந்ததும் என் தோள் வடுவைச் சேலையோடு சேர்த்து ஒரு தரம் தொட்டார். அன்றிலிருந்து மாத்திரைக்கு மட்டும் மறுபேச்சு கிடையாது. தண்ணீரைக் கேட்டு வாங்கி விழுங்குகிறார்.

மாத்திரை வேலை செய்கிறது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். முதுகுக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. புதிதாக ஒன்றும் எழும்பவில்லை. வாய்ப்புண் ஆறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கேட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து தன் கையால் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். மாயக்காள் ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்கிறாள். உன் ஹைதராபாத்து மெஷினுக்கும் சேர்த்து வைத்துவிடலாம் என்றேன். அடிக்க வந்தாள்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டுப் பதறாதே. ஒரு வாரமாகச் சாயங்காலம் ஆனால் அவருக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. கொஞ்சம் இருமலும் இருக்கிறது. கேட்டால் பஞ்சுத் தூசி என்கிறார். அவர் பருத்திப் பக்கம் போய் நான்கு மாதம் ஆகிறது. இருமல் வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து குடித்த செம்பைக்கூட எடுத்து வைக்காத மனுசர், இப்போது தன் துண்டைத் தானே அலசிக் காயப் போடுகிறார். நான் கேட்டு வாங்கப் போனால் தர மாட்டேன் என்கிறார். நாளை முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். நெஞ்சில் தூங்குகிறது எழுந்துவிடும் என்று டாக்டர் அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை.

தோலை அடுக்கடுக்காகப் பார்க்கிற உன் மெஷினுக்கு நெஞ்சுக்குள் தெரியாதா மாரிக்கனி? தெரியாது என்றுதான் எழுதுவாய். சும்மா கேட்டுவைத்தேன்.

வைகாசிப் பொங்கலுக்கு லீவு போட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "வரட்டும் வரட்டும், அவசரம் என்ன, புள்ளைக்கு லீவு கெடைக்கணும்ல" என்கிறார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இனி எழுதுவது நான் சொல்வது. பொங்கலுக்குக் காத்திருக்காதே தாயி. இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா.

ஆத்தா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் மதினி,
ஆவுடைத்தாய்